விடுதிச் சாவி யார் கையில்

நாகர்கோவில் பக்கம் கழக்கூட்டம் என்றாலே டெக்னோபார்க் ஐ.டி. வளாகம்தான். தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி முதுகுப்பையோடு வந்து இறங்கி, திங்கள் விடியற்காலையில் மறுபடி ரயிலேறுவார்கள். அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் இடித்துப் பிடித்து நாங்களும் ஏறினோம். எங்கள் சோலி வேறு. தங்கை மகள் 400 மீட்டர் ஓடுகிறவள். பிளஸ் டூ முடித்ததும் உடற்கல்வி படிக்க வேண்டும், அதையும் காரியவட்டத்தில் இருக்கும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெண்பிள்ளைக்கு இது ஒரு படிப்பா என்று வீட்டில் முனகல். "பெரியம்மா, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பாறசாலை, நெய்யாற்றங்கரை, திருவனந்தபுரம் சென்ட்ரல். அதைத் தாண்டினால் பேட்டை, கொச்சுவேளி, வேளி, அப்புறம் கழக்கூட்டம். கொச்சுவேளிக்கு இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர்ப்பலகை மாறிவிட்டது. ரயிலில் ஒருவரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்து நெடுஞ்சாலையைத் தொட்டால் தலைக்கு மேலே 2022-இல் திறந்த மேம்பாலம். இரண்டே முக்கால் கிலோமீட்டர் தூரத்துக்குத் தூண் தூணாக நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய கூட்டம் ஒரு பக்கமும், பள்ளிச் சீருடைகள் மறுபக்கமுமாக அதன் நிழலில் நகர்ந்துகொண்டிருந்தன.

இந்த ஊர்ப் பெயருக்குப் பின்னால் எங்கள் பாட்டிமார் சொன்ன கதை ஒன்று உண்டு. திருவிதாங்கூர் ராஜாவை எதிர்த்து நின்ற எட்டுவீட்டில் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மார்த்தாண்ட வர்மா அந்த எட்டு வீட்டையும் வேரோடு பிடுங்கியது குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் சோறு தின்றுகொண்டே கேட்ட கதை. யார் கையில் அதிகாரம் என்ற வழக்கு இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

பக்கத்திலேயே சைனிக் பள்ளி. 1962 முதல் பையன்கள் மட்டுமே படித்த இடம். நாடு முழுக்கச் சைனிக் பள்ளிகள் பெண்பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது 2021-22 கல்வியாண்டில்தான். ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் பள்ளிக்கு அந்த நினைப்பு வர அறுபது வருஷம் பிடித்திருக்கிறது.

காரியவட்டம் அங்கிருந்து பேருந்தில் சில நிமிடம். கேரளப் பல்கலைக்கழக வளாகம், கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியம், உடற்கல்விக் கல்லூரி மூன்றும் அடுத்தடுத்து. குவாலியரில் 1957-இல் ஜான்சி ராணியின் பெயரால் ஓர் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார்கள். 1857 எழுச்சியின் நூற்றாண்டு அது. அதே பெயரில் 1985-இல் இங்கே வந்தது தெற்கத்திக் கல்லூரி. இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ் இருக்கிறது. நம் சென்னை நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-இலேயே வந்துவிட்டது என்று நான் பெருமை பேசத் தொடங்கினேன். "சரி பெரியம்மா, அங்க போனா அம்மா இன்னும் விடமாட்டா, தூரம்" என்று பெண் வாயை அடைத்துவிட்டாள்.

உள்ளே செயற்கைத் தடம். ராத்திரி பெய்த மழையில் சிவப்பு இன்னும் கருத்துக் கிடந்தது. நாங்கள் போனபோது தடை ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் சுருட்டிய அளவு நாடா, நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பெண்களுக்குப் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடை 45 மீட்டர், பிறகு 35 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். இதெல்லாம் தடத்திலேயே வண்ணக் குறியாகப் போட்டிருக்கும். அந்த அம்மா குறியை நம்பவில்லை. முதல் தடையைத் தானே குனிந்து நிமிர்த்தி, காலால் ஒரு தட்டுத் தட்டி ஆடுகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் கையைத் தூக்கினார். ஓடி வந்த பெண் முதல் தடைக்கு முன் இரண்டு எட்டு குட்டையாக வைத்துத் தடுமாறினாள். திட்டு விழும் என்று நினைத்தேன். "எத்தனை எட்டு?" என்று மட்டும் கேட்டார். பெண் யோசித்து "இருபத்து நாலு" என்றாள். "எண்ணிக்கிட்டே ஓடினா சரி. இன்னொரு தடவை." அவ்வளவுதான். என் தங்கை மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை.

இந்த ஓட்டத்தில்தான் பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலஸில் 55.42 விநாடியில் நாலாவதாக வந்தார். வெண்கலம் ருமேனியாவின் கோஜோகாருவுக்கு, 55.41. விநாடியில் நூற்றில் ஒரு பங்கு. அதற்கு இரண்டு வருஷம் முன்பு டெல்லி ஆசியப் போட்டியில் இதே ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர் எம்.டி. வல்சம்மா. ஷைனி வில்சன், மெர்சி குட்டன், அஞ்சு பாபி ஜார்ஜ் என்று அப்புறமும் வரிசை நீள்கிறது. கேரளத்துப் பெண்கள் ஓடியதும் தாண்டியதும் இந்தியத் தடகளத்தின் வரலாற்றில் பாதி என்றாலும் தகும்.

ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றது யார்? உஷா சின்னப் பெண்ணாக 1976-இல் கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தபோது கண்டெடுத்தவர் ஓ.எம். நம்பியார். துரோணாச்சார்யா விருதின் முதல் ஆண்டான 1985-இலேயே அதை வாங்கியவர். கோருத்தோடு பள்ளியில் அஞ்சுவைப் பிடித்தவர் தாமஸ் மாஷ். அஞ்சு பாரிஸில் 2003-இல் 6.70 மீட்டர் தாண்டி உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம் வாங்கியபோது பயிற்சியாளர் கணவர் ராபர்ட் பாபி ஜார்ஜ். ஒருத்தரையும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பதக்கங்கள் இல்லை. ஓடுவது பெண், ஓட வைப்பது ஆண் என்ற ஏற்பாடு எப்படி இவ்வளவு இயல்பாகப் போனது என்பதுதான் கேள்வி. உலகம் முழுக்க இந்தக் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதம்.

கேரளம் மேல் நாற்காலியைப் பெண்களுக்குக் கொடுக்காமல் இல்லை. மாநில விளையாட்டு கவுன்சிலின் தலைவராக முதலில் பத்மினி தாமஸ் இருந்தார். 1982 ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கியவர். அடுத்து 2015 நவம்பரில் அஞ்சு பாபி ஜார்ஜ். பிறகு 2019 முதல் 2023 தொடக்கம் வரை மெர்சி குட்டன். நீளத் தாண்டலில் 6 மீட்டரைக் கடந்த முதல் இந்தியப் பெண். மூவரும் தடகளக்காரர்கள். அஞ்சு மட்டும் ஏழெட்டு மாதம் கூட நீடிக்கவில்லை. ஆட்சி மாறியது, புது அமைச்சரோடு உரசல், 2016 ஜூனில் ராஜினாமா. பெங்களூரில் அவர் தன் பெயரால் ஓர் அமைப்பை நடத்துகிறார். அங்கே வளர்ந்த ஷைலி சிங் 2021-இல் நைரோபியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினாள். ஒரு சென்டிமீட்டரில் தங்கம் தவறியது. அந்த ஆண்டே உலகத் தடகள அமைப்பு அஞ்சுவுக்கு ஆண்டின் சிறந்த பெண் விருதைக் கொடுத்தது. இளம் பெண்களை வளர்த்ததற்கும் சமத்துவத்துக்கு உழைத்ததற்கும். மாநிலம் கொடுத்த நாற்காலியில் செய்ய முடியாததைத் தன் சொந்தத் திண்ணையில் செய்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

உஷாவும் அப்படியே. 2002-இல் கொயிலாண்டியில் தொடங்கி, பின்பு கினாலூருக்குப் போன உஷா பள்ளி, பெண்பிள்ளைகளுக்கு மட்டும். அங்கிருந்து வந்த டின்டு லூக்கா 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடி, ஷைனி வில்சன் பதினைந்து வருஷமாக வைத்திருந்த தேசிய சாதனையை முறியடித்தாள். சாதனையை இழந்தவர், முறியடித்தவள், பயிற்சி கொடுத்தவர் மூவரும் மலையாளப் பெண்கள்.

அந்த உஷா 2022 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். நாலே மாதத்தில் மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் பாலியல் புகாரோடு தெருவில் உட்கார்ந்தார்கள். தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம், நாட்டின் பெயருக்குக் கெடுதல் என்று உஷா சொன்னது ஏப்ரல் 27. எதிர்ப்புக் கிளம்பியது. மே 3-இல் போராட்டப் பந்தலுக்குப் போய்ப் பார்த்தார். எனக்கு உஷா மீது சின்ன வயது முதல் உள்ள பக்தி அன்று ஆட்டம் கண்டது என்பதை மறைப்பானேன். அதே மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் 15 விளையாட்டுச் சம்மேளனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சட்டம் சொல்லும் உள்புகார்க் குழு அங்கெல்லாம் இல்லை, அல்லது முறையாக இல்லை என்று செய்தி வந்ததால். தலைவர் நாற்காலியில் பெண் இருந்தும், புகாரைக் கேட்க ஒரு குழு கூட இல்லாத சங்கங்கள் அவருக்குக் கீழே இருந்தன.

பயிற்சி முடிந்தது. மழை தூற ஆரம்பித்ததும் வாசலுக்கு எதிரே தட்டுகடையில் ஒதுங்கினோம். ஏத்தன்பழ பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பி.டி. டீச்சர், ஆறேழு பெண்பிள்ளைகளோடு. இங்கே பயிற்சிக்குக் கூட்டி வந்திருக்கிறாராம். பாறசாலைக்காரி, அதனால் தமிழ் தடையில்லை. பேச்சு வளர்ந்தது. அவர் தோளில் தொங்கிய பையைத் திறந்து தங்கை மகளுக்குக் காட்டினார்: ஸ்பைக்ஸ் ஆணிகள், வலி ஸ்பிரே, குளுக்கோஸ், நாப்கின் இரண்டு பாக்கெட், சேஃப்டி பின், ஒவ்வொரு பிள்ளையின் அப்பா அம்மா நம்பர் எழுதிய நோட்டு. "கோச் ஆகணும்னா இதையெல்லாம் காலேஜில சொல்லித் தரமாட்டாங்க மோளே" என்றார்.

எத்தனை வருஷமாக வேலை என்று கேட்டேன். பதில் வேறு பக்கம் போனது. மாவட்ட அளவில் ஒரு சங்கம், பெயர் வேண்டாம். அதன் தேர்வுக் குழுவில் இவர் பெயர் இருக்கிறது. கூட்டம் எப்போது என்று இவருக்குத் தெரியாது. "லிஸ்ட் டைப் செய்து வரும். கீழே என் பேரு, பக்கத்தில கையெழுத்துக்கு இடம். போடலேன்னா பிள்ளைங்க போக முடியாது. அதனால போடுவேன்." ஒரு வருஷம் போடவில்லை. தகுதி நேரம் ஓடிய பெண்ணின் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியல் மாறும் வரை பேனாவை எடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பட்டியல் மாறியது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவருக்குப் பெண்கள் அணியோடு மேனேஜராகப் போகும் வாய்ப்புத் தரவில்லை. "சாரம்மார் போனா என்ன கொறச்சல்னு கேட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ரயிலில ஒரு பிள்ளைக்கு வயித்து வலின்னா, அவ யாருகிட்ட சொல்லுவா? அத மட்டும் நான் கேட்டேன்."

அந்தக் கேள்வியை நான் வழியெல்லாம் சுமந்தேன். 2015 மே மாதம் ஆலப்புழையில், விளையாட்டு ஆணையத்தின் நீர்விளையாட்டு மையத்து விடுதியில் இருந்த சிறுமிகள் நாலு பேர் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஒருத்தி போய்விட்டாள். மூத்தவர்களின் தொல்லை என்று பேச்சு எழுந்தது, விசாரணை வந்தது, செய்தியாளர்கள் போனார்கள், வந்தார்கள். விளையாட்டு விடுதியில் ஒரு பெண்பிள்ளைக்கு மனசு சரியில்லாமல் போனால் முதலில் தெரிய வேண்டியது யாருக்கு? ஒலிம்பிக் சங்கத் தலைவருக்கு இல்லை. விடுதிச் சாவியை வைத்திருப்பவருக்கு. அந்த ஆள் பயிற்சி பெற்ற, சம்பளம் ஒழுங்காக வரும், புகாரை மேலே அனுப்பினால் வேலை போகாத ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அவ்வளவு பெரிய கோரிக்கையா?

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. தேசிய அமைப்புகளின் செயற்குழு 15 பேரைத் தாண்டக்கூடாது, அதில் குறைந்தது 4 பேர் பெண்கள் என்று சொல்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தன் வரலாற்றில் முதல் முறையாக ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஜிம்பாப்வேயின் நீச்சல்காரி கிர்ஸ்டி கோவன்ட்ரி. நல்ல சேதிதான். டெல்லியின் 4 இடம் மாநிலத்துக்கு வந்து, மாவட்டத்துக்கு வந்து, பாறசாலை டீச்சருக்குக் கூட்ட அழைப்பாக வந்து சேர எத்தனை காலம் ஆகும் என்று மட்டும் என்னால் கணக்குப் போட முடியவில்லை.

கேரளத்தில் இந்த நடுப்படியில் நின்று காட்டிய பெண்கள் இல்லாமல் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தவர் கோழிக்கோட்டு ஃபவுசியா மாம்பட்டா. கேரள அணியின் கோல்கீப்பர். ஃபுட்பால் பெண்களுக்கா என்று கேட்ட காலத்தில், 2003 முதல் நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளியில் பந்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் அங்கிருந்து பிள்ளைகள் போனார்கள். புற்றுநோய் வந்த பிறகும் மைதானத்தை விடவில்லை. 2021 பிப்ரவரியில் இறந்தார். கண்ணூர்க்காரி பி.வி. பிரியா இன்னொருவர். 2020-இல் கோகுலம் கேரளா பெண்கள் அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். பிறகு இந்தியாவின் இளையோர் அணியையும் நடத்தினார். கோதமங்கலம் மார் பேசில் பள்ளியைப் பல முறை மாநிலப் பள்ளித் தடகளத்தின் உச்சிக்குக் கொண்டுபோன ஷிபி மேத்யூவும் பெண்தான். பள்ளித் தடகளப் போட்டி என்றால் கேரளத்தில் அது திருவிழா. அந்தத் திருவிழாவில் விசிலோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, இது நமக்கும் ஆகிற வேலை என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் ஒருவர். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல்சூளைக் கூலி வீட்டில் பிறந்த சாந்தி சௌந்தர்ராஜன், 2006 தோஹாவில் 800 மீட்டர் வெள்ளியை வாங்கி, பாலினச் சோதனையின் பேரில் அதைப் பறிகொடுத்தவர். அவமானப்பட்டு ஊருக்குத் திரும்பியவர் பிறகு பயிற்சியாளர் படிப்பை முடித்து, அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளராகி, பிள்ளைகளை ஓட வைத்தார். பதக்கத்தைப் பிடுங்கியவர்களால் அந்த விசிலைப் பிடுங்க முடியவில்லை.

மத்தியானம் மழை விட்டதும் கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியத்தைச் சுற்றிப் பார்த்தோம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக, பல்கலைக்கழக நிலத்தில் 36 ஏக்கரில் கட்டியது. ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். கோலி 2023 ஜனவரியில் இலங்கைக்கு எதிராக 166 அடித்து, இந்தியா 317 ரன்னில் ஜெயித்தது இங்கேதான். 2025 டிசம்பரில் இந்தியப் பெண்கள் அணியும் இலங்கையோடு இங்கே ஆடியது. காவல்காரர் எங்களை உள்ளே விடவில்லை. கம்பி வழியாகத் தெரிந்த பச்சையைப் பார்த்துக்கொண்டு திரும்பினோம். அவ்வளவு பெரிய கட்டடத்தை விட, கல்லூரியில் தடை ஒன்றைக் குனிந்து நிமிர்த்திய அம்மாதான் எனக்கு அன்றைய விசேஷம்.

கழக்கூட்டம் நிலையத்தில் டீச்சர் மறுபடி எதிர்ப்பட்டார். பிள்ளைகளை எண்ணி எண்ணி பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தங்கை மகள் நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலேஜ் முடித்ததும் என்ன செய்வது என்று கேட்டாள். வேலைக்கு எழுதிப் போடு, என்.ஐ.எஸ். பயிற்சியாளர் பட்டயம் ஒன்று வாங்கு என்றெல்லாம் சொல்லிவிட்டு டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"ஊருக்குப் போன உடனே உங்க மாவட்டச் சங்கத்தோட பைலா ஒரு காப்பி வாங்கிப் படி. யாருக்கு ஓட்டு உண்டு, எத்தனை கிளப்பு சேர்ந்தா ஓட்டு வரும்னு அதில இருக்கும். நான் அதைப் படிச்சது பதினாலு வருஷம் கழிச்சு."

"நீங்க எலெக்‌ஷனில நிக்கலையா டீச்சர்?"

"அடுத்ததுக்கு நிக்கேன். செக்ரட்டரிக்கு. ஜெயிக்க எட்டு ஓட்டு வேணும். அஞ்சு ஆயாச்சு." கைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்து மடிப்பை நீட்டினார். கிளப்புகளின் பெயர்கள், சிலவற்றுக்கு எதிரே டிக், இரண்டின் எதிரே கேள்விக்குறி. "இந்த ரெண்டும் யோசிக்கு. ஒருத்தரு வீட்டுக்கு நாளைக்குப் போகணும், அவரு மோள் என்கிட்டதான் ஹை ஜம்ப் பழகுது."

ரயில் வருகிறது என்று அறிவித்தார்கள். டீச்சர் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, பிள்ளைகளை மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். என் தங்கை மகள் போனில் 'பைலா' என்று டைப் செய்துகொண்டிருந்தாள்.